கோஸ்டில்லா கவுண்டியில் 5 ஏக்கர்: தற்சார்பாக வாழ ஏற்ற இடமா?

புதுநிலம் (டென்வர்)

வணக்கம். நானும் மனைவியும் டென்வரில் மென்பொருள் வேலையில் இருக்கிறோம். இருவர் அலுவலகத்திலும் ஆட்குறைப்பு நடந்துகொண்டே இருக்கிறது. 2020இல் கடையில் அரிசி, மாவு அலமாரிகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்தே, நமக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் இருக்கிறது. காய்கறித் தோட்டம், கோழி, இரண்டு ஆடு, கூரையில் சூரிய மின்சாரம், ஆறு மாதம் தாங்கும் தானிய இருப்பு. ஆசை இவ்வளவுதான்.

கொலராடோ மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கும் கோஸ்டில்லா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) 5 ஏக்கர் மனைகள் சில ஆயிரம் டாலருக்கே விலைக்கு வருகின்றன. மாதத் தவணையிலும் கொடுக்கிறார்கள். படத்தில் பின்னால் பிளாங்கா சிகரம், முன்னால் கண்ணுக்கு எட்டியவரை சமவெளி. சுமார் 1,230 சதுர மைல் பரப்பில் மொத்தம் 3,500 பேர்தான் வசிக்கிறார்கள்.

இப்படி வாழ ஒரு கவுண்டி ஏற்றதா என்பதை எப்படி எடைபோடுவது? முதலில் எதைப் பார்ப்பது? அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காப்பரண் (ஆல்புகர்கி)

நல்ல தேர்வு. நான் எந்தக் கவுண்டியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது மூன்று கேள்வி: பெரிய நகரம் எவ்வளவு தூரம், இன்டர்ஸ்டேட் எனும் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலை எவ்வளவு தூரம், மக்கள் நெருக்கம் எவ்வளவு. மூன்றிலும் கோஸ்டில்லா தேறிவிடும். இன்டர்ஸ்டேட் 25 மலைக்கு அந்தப் பக்கம் வால்சன்பர்க் வழியாகப் போகிறது. ஒரு பெரிய நெருக்கடியில் நகரம் காலியானாலும் கூட்டம் லா வீட்டா கணவாய் ஏறி இந்தப் பக்கம் வராது.

வெயிலைப் பற்றிக் கவலையே வேண்டாம். கோஸ்டில்லா இருக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு சூரிய மின்சாரத்துக்குப் பேர்போன இடம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை வெளிக்கொட்டகையில் வைக்காதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள் பழுதாகி, கொள்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிடும். வீட்டுக்குள் ஒரு மூலை ஒதுக்குங்கள்.

இந்த விலைக்கு இனி நிலம் கிடைக்காது. யோசித்துக்கொண்டே இருந்தால் கைநழுவிவிடும்.

மடைவாசல் (புவெப்லோ)

புதுநிலம், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். தூரம், நெருக்கம், வெயில் எல்லாம் பேசியாகிவிட்டது. தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பாசனப் பொறியாளராக இருந்தவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொலராடோவில் நிலம் வாங்குவது வேறு, தண்ணீர் வாங்குவது வேறு. நம் நிலத்தில் கிணறு வெட்டினால் ஊறுவது நமக்கு என்று பழகியவர்கள் நாம். இங்கே ஆற்று நீரும், அதோடு தொடர்புள்ள நிலத்தடி நீரும் முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்ற சட்டத்தின் கீழ் வருகின்றன. இந்தப் பள்ளத்தாக்கு அடங்கிய ரியோ கிராண்டே ஆற்று வடிநிலத்தில் இருக்கும் தண்ணீரைவிட ஏற்கெனவே கொடுத்த உரிமைகள் அதிகம். போதாக்குறைக்கு 1938 ஒப்பந்தப்படி நியூ மெக்சிகோவுக்கும் டெக்சசுக்கும் கொலராடோ ஆண்டுதோறும் தண்ணீர் விட்டாக வேண்டும். 2002 வறட்சிக்குப் பிறகு பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, பெரிய விவசாயிகளே கிணறுகளை மூடுவது பற்றியும், தரிசு போடுவது பற்றியும் கூடிப் பேசி முடிவெடுக்கும் நிலை வந்தது. அந்த இடத்துக்குத்தான் நீங்கள் புதிதாகப் போகிறீர்கள்.

35 ஏக்கருக்குக் குறைந்த மனைக்கு அங்கே பொதுவாகக் கிடைப்பது 'வீட்டுக்குள் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற கிணற்று அனுமதி. குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம், துணி துவைக்கலாம். வாசலைத் தாண்டி ஒரு செடிக்கு ஊற்றக் கூடாது. ஆட்டுக்கும் கோழிக்கும் வைக்கக் கூடாது. 35 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் கதை வேறு: ஒரு ஏக்கர் வரை தோட்டம் பாய்ச்சலாம், வளர்ப்பு விலங்குகளுக்கும் கொடுக்கலாம். நீங்கள் எழுதிய ஆசைப் பட்டியலில் தோட்டம், கோழி, ஆடு மூன்றையும் 5 ஏக்கர் மனையின் கிணற்று அனுமதி ஒரே வரியில் அடித்துவிடுகிறது.

மழையோ ஆண்டுக்கு 7 முதல் 10 அங்குலம். இதில் மானாவாரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

புதுநிலம்

மிக்க நன்றி ஐயா. இதை எந்த விளம்பரத்திலும் பார்க்கவில்லை. கிணறு வேண்டாம், கூரை மழைநீரைச் சேமித்துக்கொள்கிறோம், பற்றாததை வண்டியில் கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொண்டால்? அங்கே பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

மடைவாசல்

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை விழுந்தால் சுமார் 620 காலன். ஆண்டு முழுவதும் பெய்யும் 8 அங்குலத்தையும் சொட்டு சிந்தாமல் பிடித்தாலும் 5,000 காலன். அதிலும் ஒரு பங்கு பனியாக விழுந்து காற்றோடு போய்விடும். இதே 1,000 சதுர அடி, அதாவது இரண்டேகால் சென்ட் அளவுக்குக் காய்கறி போட்டு வாரம் 1 அங்குலம் பாய்ச்சினால், 14 வாரத்துக்கு 8,700 காலன் ஆகிறது. குடும்பத்தின் குடிநீர், சமையல், குளியல் இதில் சேரவில்லை. இரண்டேகால் சென்ட் தோட்டம் ஒரு குடும்பத்தை ஆறு மாதம் காப்பாற்றாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

சட்டத்தையும் பாருங்கள். வீட்டு மழைநீரைப் பீப்பாயில் பிடிப்பதே கொலராடோவில் 2016இல்தான் பொதுவாக அனுமதிக்கப்பட்டது. இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன். கிணற்று அனுமதி பெறத் தகுதியுள்ள கிராமப்புற மனைகளுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூடுதலாகப் பிடிக்க வழி விடுகிறது. ஆனால் அந்தக் கிணற்று அனுமதியில் என்னென்ன பயன்பாடு உண்டோ அதற்கு மட்டும்தான் அந்த நீரும். சுற்றி வளைத்து மறுபடி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறோம்.

வண்டியில் கொண்டுவருவது: இரும்புக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று பண்ணைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், 275 காலன் பிடிக்கும். ஒரு காலன் தண்ணீர் எட்டு ராத்தலுக்குச் சற்று மேல். தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 2,300 ராத்தல். சாதாரண அரை டன் பிக்கப் வண்டி பெரும்பாலும் அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதல்ல. பாதித் தொட்டியோடு வாஷ்போர்டு போல அலையலையாக இருக்கும் மண் சாலையில் வரும்போது தண்ணீர் முன்னும் பின்னும் மோதி வண்டியையே ஆட்டும். குளிர்காலத்தில் வால்வு முதலில் உறையும். குழாய் வாயில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு குடம் பிடிக்க முடியாது. இதைச் செய்துகொண்டு வாழ்பவர்கள் உண்டு, அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் டீசல் நின்றால் தண்ணீர் நிற்கும் ஏற்பாட்டைத் தற்சார்பு என்று என்னால் சொல்ல முடியாது.

காப்பரண்

மடைவாசல் ஐயா சொல்லும் சட்டமெல்லாம் ஏட்டில் இருக்கிறது. 1,230 சதுர மைலில் யார் வந்து என் தக்காளிச் செடிக்கு நான் ஊற்றுவதை எண்ணப் போகிறார்கள்? தற்சார்பின் அடிப்படையே என் நிலத்தில் நான் யாரையும் கேட்டு வாழ வேண்டியதில்லை என்பதுதான்.

மலைச்சாரல் (அலமோசா)

காப்பரண் அவர்களே, நான் இந்தப் பள்ளத்தாக்கில் மருத்துவமனை வேலையில் இருக்கிறேன். எண்ணுவதற்கு ஆள் வருகிறார்கள். 2015 வாக்கில் கோஸ்டில்லா நிர்வாகம் நிலப் பயன்பாட்டு விதிகளை இறுக்கிப் பிடித்தபோது, மனைகளில் டிரெய்லரும் கூடாரமும் போட்டுத் தங்கியிருந்த பலர் நோட்டீஸ் பெற்றார்கள். கூட்டங்களில் பெரிய சச்சரவே நடந்தது, செய்திகளிலும் வந்தது. முக்கியப் பிரச்சினை கழிவுநீர். முறையான செப்டிக் அமைப்பு இல்லாமல் நிரந்தரமாகத் தங்க முடியாது. அதைப் போடும் செலவு மனையின் விலையைவிட அதிகம். கிணறு தோண்டுவதோ அதற்கும் பல மடங்கு. விளம்பரத்தில் இருக்கும் சில ஆயிரம் டாலர் உண்மையில் நுழைவுச் சீட்டின் விலை.

இதில் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாளியிலும் குழியிலும் கழிவைக் கொட்டும் இடத்தில் நாளைக்கு நோய் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம்தான் ஓடி வருவார்கள். ஏழை கவுண்டி அது. சாலை போட, மீட்பு வண்டி அனுப்ப அவர்களிடம் இருக்கும் பணம் மிகக் குறைவு.

புதுநிலம் தம்பி, வானிலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சான் லூயிஸ் ஊர் கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. அலமோசாவில் 1948 ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 50 பாகை ஃபாரன்ஹீட் பதிவாகியிருக்கிறது. அது உச்சம், ஆனால் கீழே 20 என்பது இங்கே யாரையும் வியக்க வைக்காது. உறைபனி இல்லாத காலம் ஏறக்குறைய 90 முதல் 100 நாள். ஜூன் தொடக்கத்திலும் பனி கருக்கும், செப்டம்பரில் மறுபடி ஆரம்பித்துவிடும். கத்தரி, வெண்டை, முருங்கை எல்லாம் மறந்துவிட வேண்டும். உருளைக்கிழங்கு, பட்டாணி, அகன்ற அவரை, கேரட், கீரை வகைகள், பார்லி நன்றாக வரும். இந்த உயரத்தில் தண்ணீர் 92 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் கிடந்தாலும் மசியாது. தானிய இருப்பு வைப்பவர்கள் இரண்டு குக்கரும் மாற்று வளையங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பருப்பு வேகவே பாதி எரிவாயு போய்விடும்.

மருத்துவம்: சான் லூயிசிலிருந்து அலமோசா 40 மைலுக்கு மேல். தார்ச்சாலையில் அது பெரிய தூரமில்லை. உங்கள் மனையிலிருந்து தார்ச்சாலைக்கு வருவதுதான் தூரம். மனைப் பிரிவுச் சாலைகள் பல வரைபடத்தில் கோடாக மட்டுமே இருக்கின்றன. பனி தள்ள வண்டி வராது. நெஞ்சுவலியோடு ஒருவர் அங்கே கிடந்தால் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சொல்ல ஒரு முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை மாதத் தானியம் இருக்கிறது என்று கேட்பதற்கு முன் நான் இதைத்தான் கேட்பேன்.

புதுநிலம்

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. படிக்கப் படிக்க மனம் கனக்கிறது. அப்படியானால் அந்தக் கவுண்டியே வேண்டாம் என்கிறீர்களா? 1851இலிருந்து அங்கே மக்கள் விவசாயம் செய்துதானே வாழ்கிறார்கள்?

மலைச்சாரல்

நல்ல கேள்வி. அதற்கான பதில் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது.

கோஸ்டில்லா என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது இரண்டு வேறு நிலங்கள். ஒன்று, கூலெப்ரா ஆற்றை ஒட்டிய பழைய கிராமங்கள்: சான் லூயிஸ், சான் பாப்லோ, சாமா, சான் பிரான்சிஸ்கோ. நியூ மெக்சிகோவிலிருந்து வந்த, ஸ்பானிய மொழி பேசும் ஹிஸ்பானோ குடும்பங்கள் 1851இல் சான் லூயிசை நிறுவினார்கள், கொலராடோவின் மிகப் பழைய ஊர். அடுத்த ஆண்டே வாய்க்கால் வெட்டினார்கள். சான் லூயிஸ் பீப்பிள்ஸ் டிச் என்ற அந்த வாய்க்காலின் 1852 உரிமைதான் மாநிலத்திலேயே மூத்த நீர் உரிமை. வறண்ட ஆண்டில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால், வரிசையில் கடைசியில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் அடைப்பார்கள்.

அங்கே நிலங்கள் மலையடிவாரத்திலிருந்து ஆறு வரை நீளும் ஒடுங்கிய பட்டைகளாகப் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சம் மேட்டு நிலம், வாய்க்கால் பாயும் வயல், ஆற்றோரப் புல் என்று எல்லாம் ஒரே பட்டையில் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஊருக்குப் பொதுவாக லா வேகா என்ற 600 ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் புறம்போக்கும் உண்டு. பொலிட்டா அவரை, சுட்டு உலர்த்திய மக்காச்சோளம் என்று பல தலைமுறையாக இந்தக் குளிருக்குப் பழகிய விதைகளும் அவர்களிடம் இருக்கின்றன.

இரண்டாவது, விளம்பரத்தில் வரும் நிலம். பெரிய பண்ணைகளை வாங்கிக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தபால் வழியாக நாடு முழுவதும் விற்ற மனைகள். பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் 1969இல் டிரிஞ்செரா பண்ணையை வாங்கி அதன் ஒரு பகுதியைக்கூட இப்படி மனைகளாக விற்றிருக்கிறார். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. வாய்க்காலும் ஊரும் இல்லாமல் போட்ட கோடுகள் அவை. தலைமுறை மாறி, வரி கட்டாமல் விட்டு, மறுபடி மறுபடி கைமாறி இன்று உங்கள் திரையில் வந்து நிற்கின்றன.

மடைவாசல்

மலைச்சாரல் அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இந்த விவாதத்தின் நடுப்புள்ளி இதுதான் என்று நினைக்கிறேன்.

விறகை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய், கேஸ் லாரி வராமல் போனால் அந்தக் குளிரில் விறகுதான் உயிர். சமவெளி மனையில் முளைப்பது முட்டளவு புதர், அடுப்புக்கு ஆகாது. மலைக்காட்டில் மரம் இருக்கிறது, ஆனால் அந்த மலை தனியார் பண்ணை. 1860களிலேயே அங்கு குடியேறியவர்களுக்கு விறகு, மரம், மேய்ச்சல் உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. 1960இல் மலையை வாங்கிய ஜாக் டெய்லர் வேலி போட்டு அதை நிறுத்தினார். ஊரார் பல பத்தாண்டுகள் வழக்காடி 2002இல் கொலராடோ உச்ச நீதிமன்றத்தில் உரிமையை மீட்டார்கள். அந்த உரிமை ஆளோடு போவதில்லை, குறிப்பிட்ட பழைய நிலங்களோடு ஒட்டியது. ஆகவே பட்டை நிலம் ஒன்றின் பத்திரத்தோடு தண்ணீரும் விறகும் மேய்ச்சலும் சேர்ந்து வரலாம். சில மைல் தள்ளி 5 ஏக்கர் கட்டத்தின் பத்திரத்தோடு மலையைப் பார்க்கும் காட்சி மட்டும் வரும். கவுண்டியின் மொத்த மக்கள் நெருக்கத்தையும் சராசரி மழையையும் வைத்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அசேக்கியா என்று அவர்கள் சொல்லும் வாய்க்கால் முறை தஞ்சைப் பக்கத்துக் குடிமராமத்தை நினைவூட்டும். வசந்தத்தில் பாசனக்காரர் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர் வார வேண்டும், அல்லது ஆள் அனுப்ப வேண்டும். மயோர்டோமோ என்பவர் நம் ஊர் நீர்பாய்ச்சி போல முறை வைத்து மடை திறப்பார். தண்ணீர் குறைந்த ஆண்டில் பற்றாக்குறையையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 2009இல் கொலராடோ இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது: வாய்க்கால் சங்கம் உழைப்பைக் கட்டாயமாக்கலாம், ஏக்கர் கணக்கில் இல்லாமல் ஆளுக்கொரு ஓட்டு வைக்கலாம், யாராவது நீர் உரிமையை வெளியாருக்கு விற்க முனைந்தால் முதலில் வாங்கும் உரிமையைச் சங்கமே வைத்துக்கொள்ளலாம்.

காப்பரண், 'யாரையும் கேட்டு வாழ வேண்டியதில்லை' என்று எழுதினீர்கள். அந்தக் கவுண்டியில் 170 ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தவர்கள் ஒவ்வொரு மடைக்கும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஓசார்க்காடு (தெற்கு மிசௌரி)

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். தண்ணீர்தான் கவலை என்றால் ஏன் கொலராடோவைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? எங்கள் ஓசார்க் மலைப்பகுதியில் ஆண்டுக்கு 40 அங்குலத்துக்கு மேல் மழை. பல கிராமக் கவுண்டிகளில் கட்டட விதியே கிடையாது. மரம் தாராளம். மழைநீரைப் பிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். பூசணி, வெண்டை, மிளகாய் எல்லாம் காய்க்கும். நிலத்தின் விலை அதிகம்தான், ஆனால் அதில் உண்மையிலேயே வாழலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மண் சல்லியும் பாறையும். உழுவதைவிட மேடை கட்டி மண் போடுவதே எளிது. அடியில் சுண்ணாம்புப் பாறை ஓட்டை ஓட்டையாக இருப்பதால் மேலே கொட்டும் கழிவு வடிகட்டப்படாமல் ஊற்றுக்குப் போய்விடும். ஊற்று நீர் தெளிவாக இருக்கிறது என்று நம்பிக் குடிக்காதீர்கள், பரிசோதித்துவிட்டே குடியுங்கள். உண்ணி மிகுதி. ஒருவகை உண்ணி கடித்தால் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியே ஒவ்வாமல் போகும் நோய் வருகிறது. 2007 ஜனவரியில் வந்ததுபோல் பனிப்படலப் புயல் வந்தால் மின்கம்பங்கள் வரிசையாகச் சாயும், நாள்கணக்கில் மின்சாரம் இருக்காது. டொர்னேடோ என்ற சுழற்காற்றும் உண்டு, பதுங்க ஓர் அறை கட்டியே ஆக வேண்டும்.

காப்பரண்

ஓசார்க் பற்றிச் சொன்னது பயனுள்ளது. மடைவாசல் ஐயாவின் விறகு வாதத்தை ஏற்கிறேன், அந்த வழக்கைப் பற்றி நான் அறியவில்லை. ஆனாலும் மக்கள் நெருக்கம் குறைவாக இருப்பது ஒரு பலம் என்ற கருத்தில் மாற்றமில்லை. காட்டுத்தீ, புயல் மாதிரியான நேரங்களில் சாலை நெரிசல் இல்லாமல் வெளியேற முடியும் அல்லவா?

மலைச்சாரல்

காட்டுத்தீயைக் குறிப்பிட்டதால் சொல்கிறேன். 2018 ஜூன் 27 அன்று ஃபோர்ட் கார்லண்ட் அருகே மனிதர் மூட்டிய நெருப்பிலிருந்து ஸ்பிரிங் கிரீக் தீ கிளம்பியது. கோஸ்டில்லாவிலும் பக்கத்து உவெர்ஃபானோ கவுண்டியிலும் சுமார் 1,08,000 ஏக்கர் எரிந்தது. 140க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. எரிந்தது பெரும்பாலும் மரம் அடர்ந்த மலைச்சரிவு மனைகள். சமவெளியில் தண்ணீரும் விறகும் இல்லை, சரிவில் மரம் இருக்கிறது, அந்த மரமே ஆபத்து. அங்கே வாங்குவதானால் வெளியேற இரண்டு வழி உண்டா, வீட்டைச் சுற்றி மரங்களை வெட்டித் திறப்பு வைக்க முடியுமா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒற்றை வழிச் சாலையில் இருபது குடும்பம் இருந்தாலே நெரிசல்தான். இத்தனைக்கும் நடுவில், நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பது தெரிந்து கதவைத் தட்ட ஓர் அண்டைவீட்டார் வேண்டும். தொலைபேசிக் கோபுரம் எரிந்துபோனால் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வராது.

புதுநிலம்

எல்லோருக்கும் நன்றி. இங்கே சொன்னதை வைத்து, தவணைக்குப் பேசியிருந்த மனையைப் பார்த்தேன். மாநில நீர்வளத் துறையின் இணைய வரைபடத்தில் சுற்றியுள்ள கிணறுகளைத் தேடினால், என் கட்டத்தைச் சுற்றி வெகுதூரத்துக்குக் கிணறே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் மனைக்குப் போகும் சாலை புதருக்குள் மறைந்துவிடுகிறது. விற்பவர் தருவதாகச் சொன்னது உத்தரவாதம் இல்லாத குயிட் கிளெய்ம் பத்திரம். முன்பணம் கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை.

மனைவி கேட்கும் கேள்வி இது: கூலெப்ரா ஓரத்தில் இரண்டு மூன்று ஏக்கர், வாய்க்கால் பங்கோடு கிடைத்தால் வாங்கலாமா? விலை பல மடங்கு இருக்கும் என்பது புரிகிறது. வெளியாரான எங்களை அங்கே ஏற்பார்களா?

மடைவாசல்

பத்திர விஷயம் மட்டும் நான். வில்லங்கம் பார்க்காமல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். வரி நிலுவை, கனிம உரிமை யாரிடம் இருக்கிறது, மனைக்குச் சட்டப்படி வழி உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். வாய்க்கால் பங்கு இருக்கிறது என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது. நீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து ஏற்கெனவே விற்றிருக்கலாம். பத்திரத்தில் நீர் உரிமை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். சங்கத்தின் கணக்கில் அந்த நிலத்துக்குப் பங்கு நிற்கிறதா, கட்டணம் பாக்கியா என்று மயோர்டோமோவிடமோ சங்கச் செயலரிடமோ நேரில் கேளுங்கள். எந்த ஆண்டு உரிமை என்பதும் முக்கியம். 1852க்கும் 1880களின் உரிமைக்கும் வறட்சி ஆண்டில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. விறகு, மேய்ச்சல் உரிமைப் பட்டியலில் அந்த நிலம் சேர்ந்திருக்கிறதா என்பதற்குத் தனியாக வழக்கறிஞரைப் பிடியுங்கள். காலி மனைக்கு வரி விகிதம் வீடு கட்டிய மனையைவிட அதிகம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாரல்

ஏற்பார்களா என்றால், உடனே இல்லை. மலையை வேலி போட்டு அடைத்தவர்களும் வெளியார்தான், கட்டம் போட்டு விற்றவர்களும் வெளியார்தான். நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டு வாய்க்கால் வேலைக்கு வராமல், தண்ணீரை மட்டும் கேட்பவர்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை உணர்வுக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை, வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு இருங்கள். சான் லூயிசிலோ ஃபோர்ட் கார்லண்டிலோ வீடு கிடைப்பது அரிது, ஆனால் கேட்டால் கிடைக்கும். கோடையில் வந்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், நவம்பரில் வந்து மே வரை இருங்கள். இருவருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி இருந்தால் இணைய வேகத்தை முதல் வாரமே சோதித்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் நாள் முழுக்க வீசும் புழுதிக் காற்றில் மனைவிக்கும் உங்களுக்கும் மூச்சு, தூக்கம், மனநிலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1857இலிருந்து சான் லூயிசில் ஒரு மளிகைக் கடை நடக்கிறது. அங்கே அடிக்கடி போய் வந்தால் யார் என்ன விதைக்கிறார்கள், யாருடைய வயல் குத்தகைக்குக் கிடைக்கும் என்பது தானாகத் தெரியும். வசந்தத்தில் தூர் வாரும் நாள் எப்போது என்று கேட்டு, பங்கு இல்லாவிட்டாலும் மண்வெட்டியோடு போய் நில்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பேச்சு வரும்.

ஓசார்க்காடு சொன்ன இடத்தையும் தள்ளிவிடாதீர்கள். இரண்டு ஊரிலும் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

புதுநிலம்

நவம்பரிலிருந்து வாடகைக்கு வீடு தேடத் தொடங்கிவிட்டோம், அக்கா. ஃபோர்ட் கார்லண்டில் விறகு அடுப்போடு ஒன்று இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. விறகை அங்கே யாரிடம், எந்த மாதத்தில் வாங்கி வைக்க வேண்டும்?

மலைச்சாரல்

ஆகஸ்ட் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள், அக்டோபரில் விலை ஏறிவிடும். பீன்யான், ஜூனிப்பர் என்ற இரண்டு மரங்களின் விறகும் நன்றாக நின்று எரியும். காய்ந்த விறகா என்று இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ஈரம் இருந்தால் மந்தமாகக் கேட்கும், காய்ந்திருந்தால் கணீரென்று இருக்கும். விற்பவர்கள் பெரும்பாலும் மலை உரிமை உள்ள குடும்பங்களைத் தெரிந்தவர்கள்தான். வீட்டுக்காரரிடம் புகைபோக்கி கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று கேட்டுவிட்டு அடுப்பு மூட்டுங்கள். வந்து சேர்ந்ததும் தனிமடல் அனுப்புங்கள், தம்பி.